ஞாயிற்றுக்கிழமை அறுவடை

நியூ டெல்டன், ஐயோவா
மார்ச் 9

ஆர்லின்,

நேற்றுக் காலை பால் கறந்து முடித்துவிட்டு வெளியே வந்தால், தெற்கு வயலில் இரண்டு பேர் கேமராவை நட்டுவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். புது ஷூ, சேற்றில் கால் வைக்கப் பயம். "யாருய்யா நீங்க?" என்று கேட்டேன். "செனட்டரோட ஆளுங்கம்மா. அவங்க அப்பா வயல படம் எடுக்க வந்திருக்கோம்" என்றான் ஒருவன். "செனட்டரோட அப்பா செத்து ஆறு வருஷமாச்சு. இப்ப இது என் வயல். கெளம்புங்க" என்றேன். உன் அத்தான் டுவேன் டிராக்டரைக் கொண்டுவந்து அவர்கள் காரை ஒட்டி நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள்.

உனக்குப் போன் போட்டால் ஏதோ ஒரு பெண் எடுத்து, "எது சம்பந்தமா?" என்கிறாள். அக்கா சம்பந்தமாக என்று சொல்லிப் பார்த்தேன். குறித்துக்கொண்டாள். மின்னஞ்சல் அனுப்பினால் நாலு பேர் படிக்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நீ அதிபர் தேர்தலுக்கு நிற்கப்போகிறாய் என்று டீவிக்காரன் சொல்லி எனக்குத் தெரிகிறது. பழமைவாதிகளின் புதிய நம்பிக்கையாம். உன் படத்தைப் போட்டு நாலு பேர் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள், நிற்கலாமா கூடாதா என்று. அவர்களுக்கு என்ன தெரியும்? நம் சபைக் கூடத்தில் ஹாம் பன்னும் காபியும் கொடுத்து உன்னை வாஷிங்டனுக்கு அனுப்பிய அன்று நீ என்ன சொன்னாய்? "ஆறு வருஷம் முழுசா அங்க இருப்பேன். ஒரு நாள் கொறையாது." மூன்றாவது வருடம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

நம் சபையில் மூப்பர் பதவிக்குக்கூட எவனும் தானாகக் கை தூக்கியதில்லை. சபைதான் பெயர் சொல்லும். பெயர் வந்தவன் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் சோறு இறங்காமல் கிடப்பான். நீயும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான். உன்னை யார் அழைத்தது, சொல்லு? கேமராக்காரனா?

இன்னொன்று. நீ மேடையில் சொல்கிற அந்த சோயா கதையை இனிமேல் எங்கேயும் சொல்லாதே. ஏன் என்று கேட்காதே, நிறுத்து.

கிளாரிஸ்

*

வாஷிங்டன்
மார்ச் 21

அக்கா,

உறைமேல் சிவப்பு மையில் 'சொந்த விஷயம்' என்று எழுதியிருந்ததால் அலுவலகமே பயந்துபோய் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தது. நன்றி.

என் ஆட்களைத் துரத்திவிட்டாய். சரி, வயல் உன் பேரில் இருக்கிறது. அப்பாவும் உன் பேரில் இருக்கிறாரா? அவர் எனக்கும் அப்பாதான். எட்டு வயதில் அதே வயலில் களை பிடுங்கியவன் நான். அங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள உன்னிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா?

ஆறு வருடம் என்று சொன்னேன், மறுக்கவில்லை. சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன். இங்கே வந்து உட்கார்ந்து பார். குடும்பம், சபை, சின்னப் பண்ணை, நீயும் நானும் மதிக்கிற ஒவ்வொன்றையும் பற்றி முடிவெடுக்கிறவன் அவற்றில் ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. நம் கட்சியில் நிற்கிற மற்ற ஐந்து பேரும் தேர்தல் வந்தால்தான் கோயில் வாசலை மிதிக்கிறார்கள். அவர்களிடம் நாட்டைக் கொடுத்துவிட்டு நான் அடக்கமாகக் கை கட்டி நிற்க வேண்டும் என்கிறாயா? நீங்கள் எல்லோரும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பெரிய பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சில நேரம் அது வெறும் பயம், அக்கா.

சோயா கதையைச் சொல்லாதே என்கிறாய். எதற்கு? அந்த அக்டோபரில் மூன்று வாரம் விடாமல் மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயில் வந்தது, மறுநாள் பனி என்று ரேடியோ சொன்னது. ஓய்வுநாளில் வேலை கூடாது என்று அப்பா அறுப்பு மிஷினைத் தொடவில்லை. இரண்டு வேளை ஆராதனைக்கும் போய் உட்கார்ந்தார், பனி வந்து சோயா போயிற்று. கல்லூரிக்குப் போன் பண்ணி அம்மாதான் சொன்னார்: "சோயா பனியில போயிருச்சுடா. கடவுள் பாத்துக்குவாரு." அன்று கல்லூரிப் போன் கூண்டுக்குள் நின்று அழுதேன். நான் எப்படிப்பட்டவன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல இருப்பது அந்த ஒரு கதைதான். கதை கேட்ட பிறகுதான் ஜனங்கள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

காரணம் சொல்லாமல் தடை போடாதே. நான் சின்னப் பையன் இல்லை.

ஆர்லின்

*

நியூ டெல்டன்
மார்ச் 30

ஆர்லின்,

காரணம் கேட்டாய். வாங்கிக்கொள்.

அப்பா அன்று மிஷினை எடுத்தார்.

காலை ஆராதனை முடிந்து எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். டுவேனும் நானும் சாப்பிட வந்திருந்தோம். அப்பா கரண்டியை வைத்துவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கிளாரிஸ், லாரி சாவி எங்க?" என்றார். அம்மா, "ஹெர்ம், இன்னிக்கு ஞாயித்துக்கிழம" என்றார். "தெரியும்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. கோட்டு, டை எதையும் கழற்றவில்லை. அந்தக் கோலத்திலேயே மிஷின்மேல் ஏறினார். அறுத்ததை ஏற்ற நான் பக்கத்தில் லாரி ஓட்டினேன்.

சாயங்கால ஆராதனைக்குப் போகிற கார்கள் நம் சாலை வழியாகத்தானே போக வேண்டும்? ஒவ்வொரு காரும் நம் வயல் பக்கம் வந்ததும் மெதுவாகும், பிறகு போகும். ஊர் முழுக்கப் பார்த்தது. அப்பா திரும்பவே இல்லை. இருட்டி, பனி விழ ஆரம்பித்தபோது பாதி வயல் முடிந்திருந்தது. மீதிப் பாதிதான் போனது. அம்மா உன்னிடம் சொன்னது அந்தப் பாதியை. அந்தப் பனியில் எல்லாமே போயிருந்தால் ஜனவரியில் நீ எந்தப் பணத்தில் கல்லூரிக்குத் திரும்பிப் போனாய் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? நீ வழக்கறிஞர் வேறு.

அந்த வியாழக்கிழமை மூப்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கெரிட் டி ஹான். அப்பா, "செஞ்சேன். தப்புதான்" என்றார். ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து போனார்கள். அதோடு அவர்கள் மன்னித்துவிட்டார்கள். அப்பா தன்னை மன்னிக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க, சபையில் நாலு தடவை திருவிருந்து, அப்பத் தட்டு வந்தால் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். ஐந்தாவது தடவை கெரிட் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை அவர் மடியில் வைத்தார். அன்றைக்குத்தான் எடுத்தார்.

முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் ஒருவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அப்பா என்னிடம் சொன்னார்: "ஆர்லினுக்குத் தெரிய வேணாம்மா. அவன் படிப்புக்காகன்னு தெரிஞ்சா அத சொமந்துக்கிட்டே திரிவான்." நான் காப்பாற்றினேன். நீ அவரை மேடை மேடையாக இழுத்துக்கொண்டு போய் அவர் செய்யாததற்குக் கைதட்டல் வாங்கினாய். இங்கே நாங்கள் டீவியைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

இது உனக்கு மட்டும். கதையை நிறுத்து. கொடுத்த வாக்குப்படி ஆறு வருடம் இருந்துவிட்டு வா.

கிளாரிஸ்

*

வாஷிங்டன்
ஏப்ரல் 17

அக்கா,

இரண்டு வாரமாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அந்தக் கதையை இருநூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நம் சபைக் கூடத்திலேயே சொன்னேன். கெரிட் முன் வரிசையில் இருந்தார். முடிந்ததும் கை கொடுத்து, "நல்லா பேசினப்பா" என்றார். என்ன நினைத்துக் கை கொடுத்தார்? பொய்யன் என்றா, விவரம் தெரியாத பையன் என்றா? இரண்டில் எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் அத்தனை பேரும் தெரிந்துகொண்டு என்னைப் பேசவிட்டீர்கள். ஒருவராவது கூப்பிட்டு, "தம்பி, வேணாம்" என்று சொல்லியிருக்கலாமே! உனக்கு மூன்று வருடம் ஆயிற்று வாய் திறக்க.

என் பிரசாரத்தை நடத்துகிற கெல்லரிடம் இன்று சொல்லிவிட்டேன், நான் நிற்கவில்லை என்று. சந்தோஷமா?

ஆர்லின்

*

நியூ டெல்டன்
செப்டம்பர் 14

செனட்டர் அவர்களுக்கு,

நேற்று டி மாய்ன் நகர அரங்கத்தில் நீ பேசியதைச் சமையலறையில் நின்றபடி பார்த்தேன். நிற்கவில்லை என்று ஏப்ரலில் எழுதியவன் பத்தாயிரம் பேர் முன்னால் நிற்கிறாய். அதைக்கூட விடு. நீ மனம் மாறுவது புதிதில்லை.

"என் அப்பா எனக்காக ஓய்வுநாளை மீறுனாரு" என்றாய். பிறகு கோட்டு, டை, லாரி சாவி, மெதுவாகப் போன கார்கள், எல்லாம் வந்தன. எல்லாம் நான் எழுதியது. "தெரியும்" என்று அப்பா சொன்ன அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒரு இடைவெளி விட்டாய் பார், அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கெல்லரா? கடைசியில் திருவிருந்துத் தட்டின் கதையையும் எடுத்தாய். ஜனங்கள் எழுந்து நின்று அழுதார்கள். உனக்கும் கண் கலங்கிற்று, கேமரா அருகில் வந்து காட்டியது.

அப்பாவின் பொய்யான புகழை நிறுத்து என்றுதான் உனக்கு எழுதினேன். நீ அவருடைய வெட்கத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடை விரித்தாய். முதல் கதை பரவாயில்லை போலிருக்கிறது. அதில் அவர் அங்கே இல்லவே இல்லை. இதில் அவர் முழுசாக இருக்கிறார், அவமானப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இனிமேல் எனக்கு எழுதாதே.

கிளாரிஸ்

*

வாஷிங்டன்
செப்டம்பர் 25

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஏப்ரலில் நிற்கவில்லை என்று சொன்னது உண்மை. மே மாதம் முழுக்கத் தூங்கவில்லை. ஒரு பொய்யை இருநூறு தடவை ஊருக்குச் சொன்னவன், அது பொய் என்று தெரிந்த பிறகு சும்மா இருந்தால் அவன் யார்? மேடையில் சொன்னதை மேடையில்தான் திருத்த வேண்டும். கெல்லர் அந்தப் பேச்சில் ஒரு வரிகூட எழுதவில்லை. வேண்டாம் என்றுதான் தலையில் அடித்துக்கொண்டான். "பழைய கதைதான் சார் ஓடுது, இத ஏன் தொடுறீங்க?" என்றான். நான்தான் சொன்னேன்.

நீ நம்பமாட்டாய், ஆனாலும் கேள். பேசி முடித்ததும் ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தன் மகனுக்காகத் தான் செய்த ஒன்றைச் சொன்னார். அவர் மனைவிக்கே தெரியாதாம். நம் அப்பாவைக் கேவலமாக யாரும் நினைக்கவில்லை, அக்கா. நாம்தான் நினைத்தோம். முப்பத்தொரு வருடம் மூடி மூடி வைத்து நாம்தான் அதை அசிங்கமாக்கினோம்.

அவர் என் படிப்புக்காகச் செய்தார். அந்தப் படிப்பை வைத்து நான் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகாமல் திரும்பி வந்தால் அதுதான் அவருக்கு அவமானம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனவரியில் ஐயோவாவில் முதல் வாக்கு. கருத்துக்கணிப்பில் ஆறாவது இடத்தில் இருந்தவன் இரண்டாவதுக்கு வந்திருக்கிறேன். நீ என்னோடு நின்றால் நன்றாக இருக்கும். இல்லாவிட்டாலும் நிற்பேன்.

ஆர்லின்

*

டி மாய்ன்
நவம்பர் 6

அக்கா,

நீ பதில் போடவில்லை. வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

பேப்பர் பார்த்திருப்பாய். நிருபர்கள் நம் ஊருக்கு வந்து பதினொரு பேரைக் கேட்டிருக்கிறார்கள், அன்று ஹெர்ம் ரோலோஃப்ஸ் வயலில் மிஷின் ஓடியதைப் பார்த்தீர்களா என்று. பதினொரு பேரும் ஒரே பதில். கெரிட்டுக்கு எண்பத்து நாலு வயது, மூன்று தடவை கேட்டிருக்கிறாள் ஒரு பெண் நிருபர். மூன்று தடவையும், "ஞாயித்துக்கிழம நாங்க அடுத்தவன் வயலப் பாக்கிறதில்லம்மா. காபி குடிக்கிறியா?" என்றாராம். பொய் சொல்லவும் மாட்டார்கள், உண்மையையும் கொடுக்கமாட்டார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்போது டீவியில் என் பழைய பேச்சையும் புதுப் பேச்சையும் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். ஒன்றில் அப்பா கோயிலில், ஒன்றில் வயலில். 'செனட்டருக்கு எத்தனை அப்பா?' என்று கேட்கிறான் ஒருவன். தெரியாமல் சொன்ன பொய்யை நாடே நம்பியது. தெரிந்து சொன்ன உண்மையை ஒருவனும் நம்பவில்லை.

அன்று வயலில் இறங்கிய இரண்டு பேரில் உயிரோடு இருப்பது நீ மட்டும்தான். அந்த நிருபர் உன்னிடமும் வருவாள். ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'அப்பா மிஷின் ஓட்டினார், நான் லாரி ஓட்டினேன்.' அது உண்மை. உண்மையைச் சொல் என்றுதான் கேட்கிறேன். உன் மார்ச் கடிதத்தை வெளியிடச் சொல்லிக் கெல்லர் நச்சரிக்கிறான். கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆர்லின்

*

நியூ டெல்டன்
நவம்பர் 20

ஆர்லின்,

அந்தப் பெண் திங்கட்கிழமை வந்தாள். நல்ல பெண், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இந்த வாரக் கடைசியில் பேப்பரில் வரும். அதற்கு முன்னால் உனக்குத் தெரியட்டும் என்று டுவேனை விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

அவள் கேட்டாள், "அன்னிக்கு மிஷின் ஓடுச்சாம்மா?" என்று. நான் சொன்னேன், "ஓடுச்சு. நான்தான் ஓட்டினேன்."

"அப்ப உங்க அப்பா?"

"கோயில்ல இருந்தாரு. ரெண்டு வேளையும். அவர் கிட்ட கேக்காம நான் எடுத்தேன். திரும்பி வந்து என்னத் திட்டினாரு. அப்புறம் என் தப்புக்காக அவரு ஒரு வருஷம் தட்டத் தொடாம இருந்தாரு. தம்பிக்கு நான் சரியா சொல்லல. அவன் மாத்திப் புரிஞ்சுக்கிட்டான்."

எழுதிக்கொண்டாள். படித்துக் காட்டினாள். சரி என்றேன்.

நாட்டுக்கு இனி இரண்டு விஷயம் தெரியும். ஹெர்ம் ரோலோஃப்ஸ் ஓய்வுநாளை மீறவில்லை. அவர் மகன் பத்தாயிரம் பேர் முன்னால் செத்த தகப்பன்மேல் பழி போட்டான். உனக்கு இது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கோபத்தில் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை. நீ அவரை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து எனக்கு ஒரு வாய் காபி நிம்மதியாக இறங்கவில்லை.

நேற்று கெரிட்டிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பொய்யாச்சே, கிளாரிஸ்" என்றார். "ஆமா" என்றேன். டிசம்பர் திருவிருந்தில் நான் தட்டைத் தொடப்போவதில்லை. எத்தனை வருடத்துக்கு என்று தெரியாது.

உன்னிடம் என் மார்ச் கடிதம் இருக்கிறது. என் கையெழுத்து, தேதி, எல்லாம் இருக்கிறது. அச்சடி. உன் அக்கா பொய்க்காரி என்று ஊருக்கெல்லாம் காட்டு, நீ தப்பித்துக்கொள்வாய். ஜனவரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உன்னைத் தடுக்கமாட்டேன்.

கிளாரிஸ்

*

வாஷிங்டன்
நவம்பர் 29

அக்கா,

உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. நீ அப்பாவைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் எனக்காகச் செய்த ஒரே பெரிய காரியத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். இனி அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது. என் பிள்ளைகளிடம்கூடச் சொல்ல முடியாது. பேப்பரில் வேறு மாதிரி படித்துவிட்டார்கள்.

உன் மார்ச் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பிரதி எதுவும் எடுக்கவில்லை. கெல்லர் அதற்காக என் மேஜையைச் சுற்றி இரண்டு மணி நேரம் நடந்தான். "இது இருந்தா நாளைக்கே எல்லாம் மாறிடும் சார்" என்றான். நேற்று அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். இன்று காலை அலுவலகத்துக்கு வெளியே நின்று, போட்டியிலிருந்து விலகுவதாகச் சொன்னேன். மீதி மூன்று வருடமும் இங்கே இருப்பேன். ஒரு நாள் குறையாது. அதை உனக்காகச் செய்வதாக நினைத்துக்கொள்ளாதே.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். அடுத்த வருடமும் வருவேனா தெரியாது.

விலகுவதற்கு முன்னால் ஒரு நிருபர் கத்திக் கேட்டான், "செனட்டர், உங்க அக்கா சொல்றது உண்மையா?" என்று. முப்பது மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. "என் அக்கா பொய் சொல்லமாட்டாங்க" என்றேன். இத்தனை வருடத்தில், இத்தனை மேடைகளில், தெரிந்தே நான் சொன்ன முதல் பொய் அதுதான். யாரும் கைதட்டவில்லை.

ஆர்லின்